கெல்லி துரை: முடியாத மாளிகையும் முடிந்த கோயிலும்

பேராக் மாநிலத்துத் தமிழர்களில் கெல்லி மாளிகையைப் பற்றிக் கேள்விப்படாதவர் மிகக் குறைவு. ஈப்போவிலிருந்து தெற்கே பத்து காஜாவுக்குச் சென்று, அங்கிருந்து கோப்பேங் போகும் சாலையில் திரும்பினால், ராயா ஆற்றுக்கு அப்பால் ஒரு மேட்டில் செங்கல் நிறத்தில் நிற்கிறது அந்தக் கட்டடம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போனவர்கள் அங்கே படம் எடுத்திருப்பார்கள். பேய் உலவுகிறது என்ற கதையைக் கேட்டுப் பயந்தவர்களும் நம்மில் உண்டு. 1999ஆம் ஆண்டு வெளிவந்த அன்னா அண்ட் தி கிங் என்னும் ஆங்கிலப் படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்ட பிறகு, அதன் புகழ் இன்னும் பரவியது.

மாளிகையைத் தெரிந்த அளவுக்கு அதைக் கட்டியவரை நமக்குத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்களுக்கும், அவருடைய தோட்டத்தில் வியர்வை சிந்திய தமிழர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. என் பாட்டியும் கிந்தா வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர்தான். ஆகவே இந்த வெள்ளைக்காரத் துரையின் வாழ்க்கையை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க விரும்புகிறேன். மேட்டின் மேலிருந்து ஒரு பார்வை, லயத்து வீட்டு வாசலிலிருந்து இன்னொரு பார்வை.

வடகடலோரத்துச் சிற்றூர்

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், மோரேஷைர் பகுதியில் உள்ள டல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்காவில் இருக்கும் பெருநகரத்துக்கும் இந்த ஊருக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. குளிர்ந்த காற்றும் கல் நிறைந்த நிலமும் கொண்ட விவசாயப் பகுதி அது. ஸ்மித் என்பது அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர். அதனால்தானோ என்னவோ, தாயின் குடும்பப் பெயரான கெல்லியைத் தம் பெயருக்கு நடுவில் சேர்த்துக்கொண்டார். நாளடைவில் அந்த நடுப்பெயரே அவருக்கு அடையாளமாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து இளைஞர்கள் உலகின் எல்லாத் திசைகளுக்கும் புறப்பட்டார்கள். நிலம் சிறியது, குடும்பம் பெரியது, படித்தவனுக்கும் ஊரில் பிழைப்பில்லை. இலங்கையின் மலைநாட்டில் 1867ஆம் ஆண்டு வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அப்படிப் புறப்பட்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான். கெல்லி பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1869இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கிழக்கு நாடுகளுக்கான கடல் வழி அதனால் வெகுவாகச் சுருங்கியது. கட்டுமானப் பொறியியல் கற்ற கெல்லி 1890ஆம் ஆண்டு மலாயாவில் கால் வைத்தபோது அவருக்கு வயது இருபது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலருக்கும் அதே வயதுதான். அவர்களுடைய ஊரிலும் நிலம் போதவில்லை, மழை பொய்த்தது, கடன் கழுத்தை நெரித்தது. ஸ்காட்லாந்து இளைஞனும் தஞ்சாவூர் இளைஞனும் ஏறத்தாழ ஒரே காரணத்துக்காகத்தான் வீட்டைவிட்டு வந்தார்கள். ஆனால் ஒருவர் கையில் அளவைக் கருவியோடும் மற்றவர் கையில் மண்வெட்டியோடும் இந்த மண்ணில் இறங்கினார்கள். பிறகு நடந்த எல்லாவற்றையும் அந்த வேறுபாடுதான் தீர்மானித்தது.

காடு தோட்டமான கதை

1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு பேராக் ஆங்கிலேயரின் ஆதிக்கத்துக்குள் வந்திருந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொட்டிக் கிடந்தது. பத்து காஜா அப்போது கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடம். அங்கே நில அளவைப் பணியை எடுத்து நடத்திக்கொண்டிருந்தவர் சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்ற நியூசிலாந்துக்காரர். அவரிடம் கெல்லி வேலைக்குச் சேர்ந்தார். காட்டை வெட்டிச் சீர்செய்யும் அரசாங்க ஒப்பந்தங்கள் பேக்கருக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து கெல்லிக்கும் நல்ல வருமானம் வந்தது.

அந்தப் பணத்தைக் கொண்டு கிந்தாவில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை அவர் வாங்கினார். தாம் பிறந்த மண்ணின் நினைவாக அதற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். கெல்லாஸ் என்பது அவருடைய ஊர்ப்பக்கத்துப் பண்ணையின் பெயர். ஊரைவிட்டு வந்தவன் தன் ஊரின் பெயரை இங்கே நட்டு வளர்ப்பது மனித இயல்பு. நம்மவர்களும் மாரியம்மனையும் முனீஸ்வரரையும் காளியம்மனையும் கொண்டுவந்து தோட்டந்தோறும் நிறுத்தவில்லையா?

கெல்லி இறங்கிய நேரம் நல்ல நேரம். பிரேசிலிலிருந்து 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள், அடுத்த ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிகள் பெருகின, அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. கெல்லி ரப்பரும் நட்டார், ஈயத்திலும் இறங்கினார். கிந்தா கெல்லாஸ் என்ற பெயரில் ஈயம் வாரும் நிறுவனமும் அவருடையதானது.

ரப்பர் மரம் தானாகப் பால் சுரந்து வாளியில் கொட்டுவதில்லை. இருட்டு விலகும் முன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையின் ஆழம் தவறாமல் கத்தியை இழுக்க ஆள் வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. அந்த நுட்பமான வேலைக்குத் தமிழர்கள் வந்தார்கள். முதலில் சஞ்சிக்கூலிகளாக வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணிகள் மூலம் வந்தார்கள். கங்காணி தன் ஊருக்கே திரும்பிப் போய், உறவுக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் அழைத்து வந்தான். இந்தியாவிலிருந்து இவ்வாறு தொழிலாளர்கள் வருவது 1938ஆம் ஆண்டு நிறுத்தப்படும்வரை இந்த வழி திறந்தே இருந்தது. 1920களின் இறுதியில்கூட, முதன்மையான தோட்டப் பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவில்தான் இருந்தது. கெல்லியின் செல்வத்தைக் கணக்கிடும்போது இந்தக் காசையும் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும்.

மேட்டின்மேல் ஒரு கனவு

1903ஆம் ஆண்டு கெல்லி ஆக்னஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து மலாயாவுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். மேட்டின்மேல் கெல்லாஸ் இல்லம் என்ற முதல் வீடு எழுந்தது. நெடுங்காலம் கழித்து 1915ஆம் ஆண்டு மகன் அந்தோணி பிறந்தான். குடும்பத்துக்கு ஆண் வாரிசு வந்த மகிழ்ச்சியோ, கையில் பணம் புரண்ட தெம்போ, அதே ஆண்டு பழைய வீட்டை ஒட்டிப் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்.

அந்த மாளிகையில் மூன்று நாடுகள் கலந்திருக்கின்றன. உயர்ந்த சதுரக் கோபுரம் ஸ்காட்லாந்துக் கோட்டைகளை நினைவூட்டுகிறது. குதிரை லாட வடிவ வளைவுகள் மூர்களின் கட்டடக் கலையைச் சேர்ந்தவை. நீண்ட தாழ்வாரங்களும் செங்கல் வேலைப்பாடும் இந்தியாவை நினைக்க வைக்கின்றன. இந்தியப் பண்பாட்டின்மீது கெல்லிக்கு ஈடுபாடு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. செங்கற்களையும் ஓடுகளையும் இந்தியாவிலிருந்து வரவழைத்தார். கட்டட வேலைக்காகச் சென்னை மாகாணத்திலிருந்து 70 தொழிலாளர்களை அழைத்து வந்தார். மாளிகைக்குள் டென்னிஸ் ஆடுகளம், மது வைக்கும் நிலவறை, விருந்துக்கு ஏற்ற மொட்டைமாடி எல்லாம் திட்டத்தில் இருந்தன. கோபுரத்துக்கு ஒரு மின்தூக்கியும் வைக்க நினைத்தார். அது நிறைவேறியிருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கி அதுவாக இருந்திருக்கும் என்பார்கள்.

ஒரு குடும்பத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்து மலாயாவில் வெள்ளையர்களிடையே ஒரு மனிதனின் உயரம் அவன் வீட்டைக் கொண்டுதான் அளக்கப்பட்டது. சிற்றூரிலிருந்து வந்த ஒரு ஸ்மித், தானும் பெரிய மனிதன்தான் என்று மலையேறிச் சொல்ல நினைத்தார். செங்கல்லை அடுக்கியவர்களோ லயத்து அறைகளில் குடும்பத்தோடு நெருக்கிப் படுத்தார்கள்.

1918ஆம் ஆண்டின் சாவு

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918ஆம் ஆண்டு, ஸ்பானியக் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் உலகைச் சுற்றி வந்தது. போரில் மாண்டவர்களைவிட அந்தக் காய்ச்சலில் மாண்டவர்கள் அதிகம். மலாயாத் தோட்டங்களில் நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளர்களை அது கொத்துக் கொத்தாக வாரிச் சென்றது. கிந்தா கெல்லாஸிலும் கட்டட வேலைக்கு வந்தவர்களில் பலர் இறந்தார்கள். 2020ஆம் ஆண்டின் கோவிட் தொற்றைக் கண்டுவிட்ட நம் தலைமுறைக்கு அந்தப் பயத்தை இப்போது விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தடுப்பூசி இல்லை. கடல் கடந்த ஊரில், காரியம் செய்ய உறவுகூட அருகில் இல்லை.

நோய் பரவினால் தமிழன் யாரை நினைப்பான்? மாரியம்மனைத்தான் நினைப்பான். ஊரிலே அம்மை வந்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அவளிடம்தான் முறையிடுவோம். தொழிலாளர்கள் துரையிடம் சென்று, அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். கெல்லி சம்மதித்தார். மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் எழுந்தது. மாளிகை வேலை தடைபட்டு நிற்க, கோயில் வேலை முடிந்தது.

கெல்லி எதற்காகச் சம்மதித்தார் என்பதைப் பலவிதமாகப் பேசலாம். ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும், வேலை மீண்டும் நடக்க வேண்டும் என்ற முதலாளியின் கணக்கு அதில் இருந்திருக்கலாம். இரக்கமும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே மனிதனிடம் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாதா? தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. திட்டிய துரையே பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தம் வண்டியில் அனுப்பிய கதைகளை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

சாமிகளோடு நிற்கும் துரை

அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மேலே தெய்வ உருவங்களோடு வெள்ளை உடை அணிந்த ஒரு துரையின் உருவமும் நிற்கிறது. அதுதான் கெல்லி. தொழிலாளர்கள் தங்கள் நன்றியைச் சுதையில் வடித்து வைத்தார்கள்.

இதை அடிமை மனப்பான்மை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் முல்லைப் பெரியாறு அணையை 1895ஆம் ஆண்டு கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் படத்தைத் தேனி மாவட்டத்து விவசாயிகள் இன்றும் தங்கள் வீடுகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவருடைய பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். மதுரை மீனாட்சியம்மனுக்குத் தங்கத்தில் காணிக்கை அளித்த கலெக்டர் ரௌஸ் பீட்டரை அந்த ஊரார் பீட்டர் பாண்டியன் என்றே அழைத்தார்கள். செய்ததை மறக்கக் கூடாது என்பது நம் மரபு. செய்தவன் யார், எந்த நிறம் என்று பார்ப்பதில்லை.

ஆனால் அந்த மரபுக்கு ஓர் அளவும் உண்டு. கெல்லியின் உருவம் கருவறைக்குள் இல்லை, மேலே வெளியில்தான் நிற்கிறது. அவருக்கு அர்ச்சனையும் இல்லை. கோயிலுக்கு உதவிய மனிதருக்குக் கோயிலின் வெளிப்புறத்தில் இடம். கும்பிடு மட்டும் அம்மனுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தத் தொழிலாளர்கள், துரைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்தார்கள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு வரலாற்று ஆசிரியனின் நிதானம் அவர்களுக்கு இருந்தது என்றே நான் சொல்வேன்.

லிஸ்பனில் முடிந்த பயணம்

போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மாளிகை வேலை மெல்ல நகர்ந்தது. ஊருக்கும் தோட்டத்துக்குமாகக் கடலைப் பலமுறை கடந்த கெல்லி, 1926ஆம் ஆண்டு மீண்டும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மாளிகைக்கான மின்தூக்கியை வாங்கத்தான் போனார் என்று மக்கள் சொல்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் நிமோனியா காய்ச்சல் அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 56. ஸ்காட்லாந்துக்கும் போய்ச் சேரவில்லை, கிந்தாவுக்கும் திரும்பவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே, தனக்குச் சொந்தமில்லாத ஒரு துறைமுகத்தில் அவர் பயணம் முடிந்தது.

ஆக்னஸுக்கு மலாயாவில் இனி இருப்பதற்கு மனமில்லை. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. மகன் அந்தோணி இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தான். யாருக்காக அந்த வீடு பெரிதாக்கப்பட்டதோ அவனும் அதில் வாழவில்லை. காடு மீண்டும் ஏறி வந்து சுவர்களைச் சுற்றிக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அது துப்புரவு செய்யப்பட்டுச் சுற்றுலாத் தலமாயிற்று. இன்று நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

இந்த வாழ்க்கையில் நமக்கு என்ன இருக்கிறது?

மாளிகையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுரங்கப்பாதையையும் பேய்க் கதையையும் சொல்லி அனுப்புகிறோம். செங்கல் சுமந்த 70 பேரில் ஒருவருடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படுவதில்லை. பத்து காஜாவின் பழைய கிறிஸ்துவ இடுகாட்டில் தோட்டத் துரைமார்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதே வட்டாரத்தில் காய்ச்சலில் இறந்த தமிழர்களைத் தோட்டத்து மண்ணிலேயே புதைத்தார்கள். அந்த மண்ணின்மேல் ரப்பர் நின்றது. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். இன்னும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஈப்போவின் புந்தோங்குக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் நகர்ந்தார்கள். தோட்டம் போன பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை பல இடங்களில் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் மட்டுமே.

கெல்லி துரையை நான் வெறுக்கவில்லை, போற்றவும் இல்லை. இருபது வயதில் தனியாகக் கடல் கடந்து, அந்நிய மண்ணில் உழைத்து, தன் ஊரின் பெயரை இங்கே ஊன்றிவிட்டுப் போன மனிதர் அவர். அவர் ஏறிய மேடு நம்மவர் முதுகு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அவருடைய வாழ்க்கை முழுமை பெறுகிறது.

அடுத்த முறை நண்பர்களோடு கெல்லி மாளிகைக்குப் போகும்போது, படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அந்தக் கோயிலுக்கும் போய் வாருங்கள். மாளிகையில் ஓர் இரவுகூட விளக்கேற்றிக் குடும்பம் நடக்கவில்லை. கோயிலிலோ நூறு ஆண்டுகள் கடந்தும் கற்பூரம் எரிகிறது. ஒருவருக்காகக் கட்டியது நின்றுபோனது, எல்லாருக்குமாகக் கட்டியது இன்னும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேரவையில் இருக்கும் மாணவர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் பிறந்தவர்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, 1918இல் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கலாம், தங்கள் பெற்றோரிடம் கேட்டதையாவது அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு விடுமுறையில் அவர்கள் அருகில் உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். கெல்லியின் பெயரைக் காப்பாற்ற ஒரு மாளிகை இருக்கிறது. நம்மவர் பெயர்களைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம்.